செவ்வாயில் ஓடிய ஆற்றின் கூழாங்கல்

2012 செப்டம்பரில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் எடுத்த படம் ஒன்றை இன்று மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஹோட்டா’ என்ற பாறை. பெயர்ந்து சாய்ந்து நிற்கும் கான்கிரீட் தளம் மாதிரியே இருக்கிறது. அதில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன, முனை மழுங்கி, உருண்டையாக. சின்னதானாலும் இந்த அளவுக் கல்லைக் காற்று சுமந்து போகாது. தண்ணீர்தான் உருட்டியிருக்கிறது, ஒன்றோடொன்று மோதி மோதியே முனை தேய்ந்திருக்கிறது.

கல்லின் அளவையும் வடிவத்தையும் வைத்தே ஓட்டத்தையும் கணித்துவிட்டார்கள்: நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகம், ஆழம் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை. இடுப்பளவு தண்ணீர்! இறங்கி நின்றால் காலடியில் கல் நகர்வது தெரிந்திருக்கும். 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பள்ளத்தின் வடக்கு விளிம்பிலிருந்து இறங்கி வந்த ஆறு அது. அந்த ஒரு கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.