ரொசெட்டா கோடு கணக்குகளைத் தரம் பிரித்தபோது

ரொசெட்டா கோடு பயிற்சிகளைப் பைத்தானில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என் ராத்திரி வேலை. 2007-இல் தொடங்கிய விக்கி அது. ஒரே கணக்கை எந்தெந்த நிரல் மொழியில் எப்படி எழுதலாம் என்று ஆளாளுக்கு வந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குகளே ஆயிரத்தைத் தாண்டும்; பலவற்றுக்கு ஒரே முகச்சாயல். என் ஃபோல்டரில் 'ப்ரைம்1', 'ப்ரைம்2', 'ப்ரைம்_புதுசு' என்று கோப்புகள் சேர்ந்ததும், அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தலைப்பை வைத்துப் பிரித்தேன். அது சரிவரவில்லை. நாப்சாக் (பை தாங்கும் எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களை நிரப்புவது) என்ற பெயரில் நான்கு கணக்குகள் இருக்கின்றன. பொருளைத் துண்டு போடலாம் என்றால் கிலோவுக்கு விலை அதிகமானதிலிருந்து அள்ளிக்கொண்டே போகலாம். துண்டு போடக்கூடாது என்றால் டைனமிக் ப்ரோகிராமிங் வேண்டும், அதாவது சின்னச் சின்ன விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை. பெயர் ஒன்று, கோடு வேறு. ராட்-13, சீசர் சைஃபர் இரண்டும் நேர்மாறு: சீசர் என்பது ஒவ்வொரு எழுத்தையும் சாவி எத்தனையோ அத்தனை இடம் தள்ளி எழுதும் ரகசிய முறை; அதற்குச் சாவி 13 கொடுத்தால் அதுதான் ராட்-13.

அதனால் வேறு விதி வைத்தேன். ஒன்றின் ஃபங்ஷனைக் கூப்பிட்டு இன்னொன்றை ஒரே வரியில் முடிக்க முடிந்தால், சின்னது பெரியதற்குள் போய்விடும். செமிப்ரைம் என்பது இரண்டு பகா எண்களின் பெருக்கல்; ஆல்மோஸ்ட் ப்ரைம் (கே பகா எண்களின் பெருக்கல்) கணக்கில் கே = 2 போட்டால் 4, 6, 9, 10, 14 என்று அதே வரிசை. உள்ளே தள்ளிவிட்டேன்.

பகா எண்களிடம் விதி பலிக்கவில்லை. எதை வைத்தும் எதையும் முடிக்கலாம் போலிருந்தது. ஒரு வரம்பு வரை எண்களை எழுதி, பகா எண்களின் மடங்குகளை அடித்துக்கொண்டே போகும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையை எடுத்து, வரம்பு 2,00,000 என்று கொடுத்து, 'எக்ஸ்டென்சிபிள் ப்ரைம் ஜெனரேட்டர்' கேட்கும் 10,000-ஆவது பகா எண்ணை எடுத்தேன். 104729. விடை சரி, ஆனால் அழுகுணி ஆட்டம். வரம்பே தெரியாமல் ஓட வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

சரியென்று டிக்‌ஷனரி (ஒரு எண்ணுக்கு எதிரே இன்னொன்றைக் குறித்து வைக்கும் பட்டியல்) வைத்து எழுதினேன். ஒவ்வொரு பகா எண்ணும் அடுத்து எந்த எண்ணை அடிக்கப் போகிறது என்று குறித்துக்கொண்டே போகும். ஓட்டினால் 15 பகா எண்ணாம்! அரை மணி நேரம் முழித்தேன். 9-ஐத் தாண்டிய 3, அடுத்து 12-இல் இடம் போட்டிருக்கிறது; 10-ஐத் தாண்டிய 2-ம் அங்கேயே வந்து 3-ஐ அழித்துவிட்டது. அதற்குப்பின் 15-ஐ அடிக்க ஆளில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணுக்குப் பதில் பல எண்கள் கொள்ளும் லிஸ்ட் வைத்ததும் சரியானது.

சல்லடையும் இதுவும் ஒரே கோப்பில் இருக்கக்கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'இதில் என்ன செய்யக்கூடாது' என்று ஒரு வரி: வரம்பு கேட்கக்கூடாது, சல்லடை கூடாது, இப்படி. வகுத்துப் பார்த்தே பகா எண் வரிசை எடுக்கும் கணக்கை எங்கே வைப்பதென்று இன்னும் முடிவாகவில்லை.

'ப்ரைம்_புதுசு' கோப்பைக் கடைசியாகத் திறந்தேன். 'ப்ரைம்2'-வேதான். வேரியபிள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.