2.5 மடங்கு உயரம் போதவில்லை

முதல் பி.யூ. (கர்நாடகத்தில் பதினோராம் வகுப்பு) இயற்பியல் தேர்வில் ரோலர் கோஸ்டர் கணக்கு ஒன்று வந்தது. உராய்வு இல்லை; வண்டியின் நிறை இரட்டிப்பானால் அடியில் வேகம் என்ன ஆகும்? கூடும் என்று எழுதிவிட்டு வந்தேன். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை இருக்கிறது, அடிபட்டுப் போகும் என்பதைத்தான் பார்க்கவில்லை.

இப்போது பெங்களூரு அல்சூரில் அக்கா மகளுக்கு அதே பாடம் சொல்லித்தருகிறேன். இந்த முறை சூத்திரத்தைப் பிறகு வைத்துக்கொண்டேன். 10 மீட்டர் இறங்கினால் விநாடிக்கு 14 மீட்டர் வேகம். 28 வேண்டுமானால்? "20 மீட்டர்" என்றாள் பட்டென்று. இல்லை, 40. உயரம் நாலு மடங்கானால்தான் வேகம் இரண்டு மடங்காகும். அப்படித் தப்பாகச் சொன்னதால்தான் அது அவளுக்கு மறக்கவே இல்லை.

அப்புறம் பிடதியில் உள்ள வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வந்தவள், தலைகீழாகச் சுற்றும்போது ஏன் விழுவதில்லை என்று கேட்டாள். வளையத்தின் ஆரத்தைப் போல 2.5 மடங்கு உயரத்திலிருந்து விட்டால் போதும், விழாமல் சுற்றிவிடும் என்பது புத்தகக் கணக்கு. சரி, செய்தே பார்ப்போம் என்று எஸ்.ஜே.பி. ரோட்டில் ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாய் வாங்கி, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தோம். வளையத்துக்கு 12 செ.மீ. ஆரம், கோலிக்குண்டை 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டோம். உச்சிக்குப் போகும் முன்பே பொத்தென்று விழுந்தது. நாலு தடவையும் அதே கதை.

"புத்தகம் தப்பா மாமா?"

பதில் வாய்வரை வந்துவிட்டது. இரண்டு நாள் அடக்கிக்கொண்டேன். சொல்லிக்கொடுப்பதில் கஷ்டமே அதுதான். மூன்றாம் நாள் அவளே பிடித்துவிட்டாள்: குண்டு வழுக்கவில்லை, உருளுகிறது. ஆற்றலில் ஒரு பங்கு சுழல்வதற்கே போய்விடுகிறது. அதைச் சேர்த்தால் 2.7 மடங்கு, அதாவது 32 செ.மீ.யும் கொஞ்சமும். எங்களுக்கு 40 தேவைப்பட்டது. மிச்சத்தை ஃபோம் விழுங்கியிருக்கும். சுழற்சி இயக்கப் பாடம் வந்தபோது என்னைக் கூப்பிடவே இல்லை.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, விடை வந்ததும் நோட்டை மூடாதீர்கள். நிஜமான ஒரு எண்ணோடு மோதவிடுங்கள். அபுதாபியில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோஸா என்ற ரோலர் கோஸ்டரின் வேகம் மணிக்கு 240 கி.மீ. இறங்கியே அந்த வேகம் பிடிக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவளைக் கணக்குப் போடச் சொன்னேன். 227 மீட்டர் வந்தது. அந்த ரோலர் கோஸ்டரின் உயரமோ 52 மீட்டர்தான். ஹைட்ராலிக் விசையால் உந்தித் தள்ளுகிறார்கள் என்று நான் சொல்வதற்குள், "யாரோ பின்னாலிருந்து தள்ளுறாங்க" என்றாள்.