மூச்சு விட இடம்

காலை எட்டு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் நானும் காரியாலய உதவியாளரும் மட்டும்தான் இருப்போம். அவர் கிண்ணியாக்காரர். எல்லாரும் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஜன்னல்களைத் திறந்து, மேசைகளைத் துடைத்து, தேத்தண்ணிக்கு வெந்நீர் வைப்பார். நான் சீ.ஆர். கொப்பியை, தடித்த அட்டை போட்ட குறிப்பேட்டை, விரித்து ஒரு பக்கம் எழுதுவேன். எட்டரைக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் கொப்பி லாச்சிக்குள் போய்விடும். பதினான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

எழுத்தாளராகும் ஆசையில் இது தொடங்கவில்லை. ஒரு கடிதம்தான் காரணம்.

2011இல் நான் திருகோணமலை நகரில் ஓர் அரச அலுவலகத்தில் காணி விடயம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவைக்கு வந்து மூன்று வருடம். ஒருநாள் மூதூர்ப் பக்கமிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். சொப்பிங் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் நாலாக மடித்த ஒரு கடிதம். மடிப்பு ஓரங்கள் நைந்து போயிருந்தன.

“பிள்ளை, ஏலாதெண்டு போட்டிருக்கிறியள். இனி நான் ஆரிட்டப் போறது?”

வாங்கிப் பார்த்தேன். எங்கள் அலுவலகக் கடிதம். நான் எழுதி, நான் தட்டச்சு செய்து, மேலதிகாரி கையொப்பமிட்டது. எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. அதன் முக்கியமான வசனம் இது:

“மேற்படி விடயம் தொடர்பில் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டிய ஆவணங்கள் பூரணப்படுத்தப்படாமையினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க முடியாதுள்ளமையைத் தயவுடன் அறியத்தருகின்றேன்.”

கணவர் பெயரில் இருந்த பெர்மிட் காணியை, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை, தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருந்தார். இல்லாமல் இருந்தது ஒரே ஒரு தாள், கணவரின் மரணச் சான்றிதழ்ப் பிரதி. அது வீட்டில் ரங்குப்பெட்டிக்குள் கிடந்தது. என் கடிதத்தையும் அதே பெட்டிக்குள், அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், எட்டு மாதம். கேட்ட தாளின் பெயரைக்கூட நான் எழுதவில்லை.

அவருக்கு வாசிக்கத் தெரியும். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவர் “முடியாது” என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்தச் சொல்லின் வாலில் நான் கட்டியிருந்த “உள்ளமையை”, அதற்குப் பின்னால் இருந்த “தயவுடன்” எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அரசாங்கம் முடியாது என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அந்த வசனத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பிரதம எழுதுவினைஞர் ஒரு திருத்தமும் இல்லாமல் அனுப்பிய கடிதம் அது.

தமிழில் வினை கடைசியில் வரும். வாசலில் நின்று பேசும்போது அதனால் ஒரு குறையும் இல்லை, பேசுகிற வசனம் சின்னது. காகிதத்தில் ‘சமர்ப்பிக்கப்பட்ட’, ‘இணைக்கப்பட்டிருக்க வேண்டிய’ என்று ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிவிட்டுக் கடைசியில் வினையை வைத்தால், வாசிக்கிறவர் அவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த நடை எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். எங்கள் மேசைக்கு வரும் சுற்றுநிருபங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வருபவை. அந்தத் தமிழைப் பார்த்துத்தான் நாங்கள் கடிதம் எழுதப் பழகுகிறோம். ஒரு தலைமுறை மற்றத் தலைமுறைக்குப் பழைய கடிதக் கோவையைத் தூக்கிக் கொடுத்து, “இதைப் பார்த்து எழுது” என்கிறது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்ததை என் அப்பா சொல்லியிருக்கிறார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. இவ்வளவு காலம் பட்டுக் கிடைத்த உரிமை. அதைப் பயன்படுத்தி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு விளங்காத கடிதத்தை நான் தமிழில் அனுப்பியிருக்கிறேன். அப்பா ஆள் தேடியதற்கும் இந்த அம்மா ஆள் தேடி மூதூரிலிருந்து வந்ததற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த நாள் காலையில்தான் முதல் கொப்பி வாங்கினேன். கடிதத்தைத் திருத்துவதற்கு முன் என் கையைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. நேற்றுப் பார்த்த ஒரு விஷயத்தை ஒரு பக்கம் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். கருத்துச் சொல்லக்கூடாது, கண்டதை மட்டும்.

முதல் பக்கம் கோட்டையடி மான்களைப் பற்றியது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவை ஆடுமாடு மாதிரி. “மான்கள் அழகாக மேய்ந்துகொண்டிருந்தன” என்று எழுதினேன். மறுநாள் போகும்போது ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு பெண்மான், இடது காது ஓரம் கிழிந்தது. மரக்கறிக் கழிவு கட்டிப்போட்ட ஒரு சொப்பிங் பையை முன்காலால் மிதித்துக்கொண்டு முடிச்சைப் பல்லால் இழுத்தது. உள்ளே கோவா (முட்டைக்கோஸ்) இலை. கோவா வந்தது, பையின் ஒரு துண்டும் கூடவே வாய்க்குள் போனது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. நான் முதல் நாள் எழுதியதில் அழகும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. பாராமல் எழுதியிருக்கிறேன். காணிக் கடிதத்திலும் அதையேதான் செய்திருந்தேன். விண்ணப்பத்தைப் பிரித்து எந்தத் தாள் இல்லை என்று கண்ணால் கண்டது நான்தானே? கண்டதை எழுதாமல் ‘ஆவணங்கள்’ என்று எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் நல்ல பக்கம் வராது. வாடைக்காலத்தில் பஸ் பிந்தி வந்து மூன்று வரியோடு நின்ற நாட்கள் நிறைய. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எட்டு மணிக்கே வியர்த்து, கொப்பித் தாளில் கை ஒட்டும். மகன் பிறந்த வருடம் பாதிக் கொப்பி வெறுமையாக இருக்கிறது. விட்ட நாட்களைச் சேர்த்து எழுதப் போவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

நானா இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். ஒரு கடித வரைவைச் சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டு வந்தவர், “மிஸ், இதில மூச்சு விட இடமில்லையே” என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர், ஆனால் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். அன்றிலிருந்து பெயரையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டு வரைவை அவரிடம் கொடுப்பேன். அவர் வாசிப்பார், நான் பென்சிலோடு கேட்பேன். அவர் எங்கே தடக்குகிறாரோ அங்கே ஒரு கோடு. ‘பூரணப்படுத்தி’யில் நிற்பார், ‘நிரப்பி’ என்று மாற்றினால் ஓடுவார். ‘இத்தால்’ வந்தால் என்னை நிமிர்ந்து பார்ப்பார். எடுத்துவிடுவேன். பதினான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி அவரின் அந்தத் தடக்கல்தான். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிரதம எழுதுவினைஞர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளை, அரசாங்கக் கடிதத்துக்கு ஒரு மிடுக்கு வேணும்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பயமும் எனக்கு விளங்கியது. ‘எடுக்க முடியாதுள்ளது’ என்று எழுதினால் எடுக்காதவர் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். செய்தவரைச் சொல்லாத இந்த நடை எங்கள் எல்லாருக்கும் ஒரு குடை. நாளைக்குக் கணக்காய்வு வந்தால் அதன்கீழ் ஒதுங்கிக்கொள்ளலாம். “இன்ன தாள் இல்லை, கொண்டுவாருங்கள்” என்று எழுதினால், கொண்டுவந்தபின் நாங்கள் வேலையைச் செய்தே ஆகவேண்டும்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. எனது இலக்கம், உமது இலக்கம், தலைப்பு எல்லாம் பழையபடி. அதற்குக் கீழே முதல் வசனத்திலேயே கடிதம் பெறுபவர் என்ன செய்ய வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும், எந்தத் திகதிக்குள். சட்டம், பிரிவு, சுற்றுநிருப இலக்கம் எல்லாம் அடுத்த பந்தியில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை இன்னும் மாறியது. ஒரு முடிவுக்குக் காரணம் என்ன என்று ஆட்கள் எழுத்தில் கேட்கத் தொடங்கினார்கள். தெளிவாக எழுதிய கடிதங்களுக்கு அந்தக் கேள்வி குறைவாக வந்ததைப் பிரதம எழுதுவினைஞரே கவனித்தார். ஓய்வுபெறுமுன் தன்னுடைய வரைவுகள் சிலவற்றையும் நானாவிடம் வாசிக்கக் கொடுத்தார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் நன்றாகத் தட்டச்சு செய்கிறார்கள். யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவோடு நாங்கள் பட்ட பாடு அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்களும் முதல் வேலையாகக் கேட்பது, “அக்கா, பழைய கடிதம் ஒன்று இருக்கா, பார்த்து எழுத?” கொடுக்கிறேன். கூடவே, அந்தக் கடிதம் யாருக்குப் போனது, அவர் திரும்பி வந்தாரா என்று கோவையில் தேடிப் பார்க்கவும் சொல்கிறேன். சிலர் தேடுகிறார்கள். நேரமில்லை என்பவர்களும் உண்டு, உண்மையிலேயே அவர்களுக்கு நேரமில்லைதான்.

மூதூர் அம்மாவின் காணி அவர் பெயருக்கு மாறியது. அவர் கையில் இருந்த கடிதத்தின் போட்டோப் பிரதி ஒன்று என்னிடம் உண்டு. ஒவ்வொரு தை மாதமும் கொப்பியில் அந்த வசனத்தைத் திரும்ப எழுதிப் பார்ப்பேன். முதல் வருடம் மூன்று வசனமாக வந்தது. ஒரு வருடம் சட்டத்தின் பெயரைச் சேர்த்தேன், பிறகு எடுத்தேன். இந்தத் தையில் எழுதியதை நானா ஒரே மூச்சில் வாசித்தார்:

“உங்கள் கணவரின் மரணச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று கொண்டுவாருங்கள். மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன.”