செவான் ஏரிக்கரையில் கோச்சார் எழுப்பிய இரண்டு கட்டடங்கள்

சோவியத் ஆர்மீனியாவின் கட்டடக் கலை என்றவுடன், 1924-இல் தலைநகர் யெரெவானுக்கு நகரத் திட்டம் வகுத்த அலெக்ஸாண்டர் தமான்யானின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். அந்தப் புகழுக்கு அவர் முற்றிலும் தகுதியானவர்தான். ஆனாலும் என் மனம் அவரைவிட கெவோர்க் கோச்சார் என்ற கட்டடக் கலைஞரிடமே மீண்டும் மீண்டும் செல்கிறது.

1901-இல் திபிலிசியில் பிறந்த கோச்சார், மாஸ்கோவில் புதுமைக் கலையின் பாசறையாக விளங்கிய வ்ஹுதேமாஸ் கலைப் பள்ளியில் பயின்றார். காரோ ஹலாப்யான், மிக்காயெல் மஸ்மான்யான் ஆகிய இருவரும் அவருடைய தோழர்கள். யெரெவானின் கட்டுமானத் தொழிலாளர் மன்றத்தை மூவரும் சேர்ந்தே வடிவமைத்தார்கள். பிறகு, 1930-களின் தொடக்கத்தில், கோச்சாரும் மஸ்மான்யானும் ஆர்மீனியாவின் செவான் ஏரியில் இருந்த தீவில் எழுத்தாளர்களுக்காக ஒரு விடுதியைக் கட்டினர். அலங்காரம் ஏதுமற்ற வெண்ணிறச் சுவர்களும், ஏரியை நோக்கி வளைந்த பால்கனிகளும் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு அருகிலேயே ஒன்பதாம் நூற்றாண்டின் செவானவாங்க் மடாலயம் நிற்கிறது. பழைமையைப் போலச் செய்யாமலேயே அதன் பக்கத்தில் அடக்கமாக நிற்க முடியும் என்பதை, இளைஞர்களாக இருந்த அந்த இருவரும் அன்றே காட்டிவிட்டார்கள்.

1937-இல் ஸ்டாலின் ஆட்சி நடத்திய பெரும் களையெடுப்பில் இருவரும் கைதாயினர். அதே களையெடுப்பில் சிக்கிய ஆர்மீனியக் கவிஞர் யெகிஷே சாரென்ட்ஸ் அந்த ஆண்டே யெரெவான் சிறையில் இறந்தார். கோச்சாரும் மஸ்மான்யானும் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நோரில்ஸ்க் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே உருவாகிக்கொண்டிருந்த நகரத்துக்குக் கைதிகளாகவே வரைபடம் போட்டார்கள். ஹலாப்யானோ மாஸ்கோவில் கட்டடக் கலைஞர் சங்கத்தின் உயர்பொறுப்பில் இருந்தார். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் எழுந்த சோவியத் அரங்கை வடிவமைத்த இருவரில் அவரும் ஒருவர். ஒரே பட்டறையில் தொடங்கிய மூவரின் வாழ்க்கை இப்படிப் பிரிந்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஸ்டாலின் மறைவுக்குப் பிறகே கோச்சார்மீதான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. அவர் தாயகம் திரும்பியபோது, பாசனத்துக்கும் மின்சாரத்துக்குமாகத் தண்ணீர் எடுக்கப்பட்டதில் ஏரியின் மட்டம் 15 மீட்டருக்கும் மேல் இறங்கி, தீவாக இருந்த இடம் தீபகற்பமாகிவிட்டது. அங்கே, 1960-களின் நடுப்பகுதியில், தம் பழைய விடுதிக்குப் பக்கத்திலேயே ஓர் உணவுக்கூடத்தைக் கட்டினார். பின்பகுதி மலைச்சரிவில் ஊன்றியிருக்க, கண்ணாடியால் வளைந்த முன்பகுதி ஒற்றைக் கான்கிரீட் தூணின்மேல் ஏரியை நோக்கி அந்தரத்தில் நீள்கிறது. முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, இளமையில் கட்டியதைவிடவும் துணிச்சலான ஒன்றை எழுப்பியிருக்கிறார். சோவியத் ஆர்மீனியா தந்த கட்டடங்களில் இதற்கு இணையாக நான் வைப்பவை மிகச் சிலவே.

பாதுகாப்புத் திட்டம் வகுப்பதற்காக அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை 2016-இல் இந்த வளாகத்துக்கு நிதி அளித்தது. புகைப்படங்களில் பெரும்பாலும் இடம்பெறுவது உணவுக்கூடம் மட்டுமே. ஆனால் பக்கத்து விடுதிக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். ஏனெனில் கோச்சார் தம் உணவுக்கூடத்தைக் கட்டியதே அந்த விடுதியின் பக்கத்தில்தான்.