நானாவின் முடிச்சு

இன்று காலை மருதமுனையிலிருந்து சாரன் கட்டு வந்தது. பிரித்தால், ஒரு சாரனின் ஓரத்தில் மட்டும் சிவப்பு நூலால் சின்ன முடிச்சு. உடனே அதை நெய்து அனுப்பிய நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"அதுல ஒரு இழை விட்டுப் போச்சு தம்பி. அதுக்குக் காசு வேணாம்."

நான் எத்தனை தரம் விரித்துப் பார்த்திருந்தாலும் அந்த இழை என் கண்ணில் பட்டிருக்காது.

களுவாஞ்சிகுடியில் கடை போட்ட புதிதில் இவரிடம் பத்துச் சாரன்தான் எடுத்தேன், அதுவும் கைக்காசுக்கு. கடனுக்குத் தர இரண்டு வருசம் பார்த்தார். அப்போது கோபம்தான் வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

2022 மறக்காது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. நூலும் சாயமும் கடல் கடந்து வருகிறவை. எனக்கு வேறொரு இடத்திலிருந்து வரவேண்டிய சரக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நானா மட்டும் பெற்றோல் இல்லாத நாளில் பெரியநீலாவணை, கல்லாறு தாண்டிச் சைக்கிளில் வந்தார். "கையில இருக்கிற நூலுக்கு பழைய விலை. மறுகா நெய்யிறதுக்கு அந்த விலை ஏலாது தம்பி, இப்பவே சொல்லிட்டன்" என்றார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

அந்த முடிச்சுச் சாரனை விற்கவில்லை. நான்தான் உடுத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இழை எங்கே விட்டது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.