உப்புநீர் ஃப்ளை ரீல்: டிராக்கைத் தராசில் அளந்து தேர்ந்தெடுத்த அனுபவம்

சென்ற மாதம் கோவளம் முகத்துவாரத்தில் செயற்கை ஈயை வீசிப் பிடிக்கும் ஃப்ளை மீன்பிடிப்புக்கான என் 8 எண் தூண்டிற்கோலில் (எண் கூடக் கூடக் கோலின் வலு கூடும்) சிக்கிய பாறை மீன் ஒன்று, முதல் ஓட்டத்திலேயே ஃப்ளை லைன் முழுவதையும், ரீலில் அதற்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் நூலில் பெரும்பகுதியையும் உருவிச் சென்று சற்றே நின்றது. மறுபடி அது ஓடத் தொடங்கிய கணத்தில் 16 பவுண்ட் டிப்பெட் (லைனின் நுனியில் ஈயைக் கட்டும் மெல்லிய நூல்) அறுந்தது. முடிச்சில் குறையில்லை, நூல் நடுவில் அறுந்திருந்தது. முதல் ஓட்டத்தைத் தாங்கிய நூல் இரண்டாவதில் ஏன் அறுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புதிய ரீல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

பழைய ரீலில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். டிப்பெட்டின் வலிமையில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலாக, அதாவது நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது 2 கிலோ காட்டுமாறு டிராக்கை (நூல் வெளியேறுவதைத் தடுக்கும் பிரேக்கை) வைத்தேன். நின்றிருந்த ஸ்பூல் (நூல் சுற்றும் உருளை) சுழலத் தொடங்கும் நொடியில் முள் 3.4 கிலோவுக்குத் தாவியது. பத்து முறை இழுத்தும் அதே கதைதான். உள்ளே திறந்து பார்த்தபோது டிராக் தட்டின் ஓரத்தில் உப்புப் படிவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நூல் வெளியேற வெளியேற ஸ்பூலில் எஞ்சியுள்ள சுற்றின் ஆரம் சுருங்குகிறது. டிராக்கைத் தொடாவிட்டாலும் அதே விகிதத்தில் இழுவிசை ஏறுகிறது. என் ரீலில் ஆரம் 4 சென்டிமீட்டரிலிருந்து 2.5 ஆகக் குறைந்திருந்தது, அப்படியானால் 3.4 கிலோ ஏறத்தாழ 5.4 கிலோவாகிவிடும். தண்ணீரில் கிடக்கும் நீண்ட லைனின் தடையும் முடிச்சுகளால் குறையும் வலிமையும் சேர்ந்தால், 7 கிலோ சொச்சம் தாங்கும் டிப்பெட்டுக்கு மிச்சம் வைக்க எதுவுமில்லை.

ஆகவே, உச்ச டிராக் இத்தனை கிலோ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் பொருட்படுத்தவே இல்லை. 8 எண் கோலில் அந்த எண்ணை எவரும் பயன்படுத்தப் போவதில்லை. தொடக்க இழுவையும் ஓட்ட இழுவையும் நெருங்கியிருக்க வேண்டும், ஸ்பூலின் நடுத்தண்டு அகலமாக இருக்க வேண்டும், டிராக் அறைக்குள் உப்புநீர் புகக்கூடாது என்ற மூன்றையே பார்த்தேன். தக்கை டிராக்கின் வழுவழுப்புக்கு இன்றும் ஈடில்லை என்றாலும், அதற்கு எண்ணெய் தடவிப் பராமரிப்பது நம் கடற்கரை ஈரத்தில் ஓயாத வேலை. கார்பன் தட்டுகள் கொண்ட மூடிய டிராக்கையே தேர்ந்தெடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் சுங்க வரி கையைக் கடித்தது. ஆனால் அதே தராசில் ஓட்டத்துக்கு 2 கிலோ வைத்தபோது தொடக்கம் 2.2 தான் காட்டியது. அந்த முள் தாவாமல் நின்றதைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு ஒரு மீன் பிடித்ததற்குச் சமம்.

பேக்கிங்குக்கு டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூலை விட்டு, சாதாரணத் தூண்டில் கடையில் கிடைக்கும் 50 பவுண்ட் பின்னல் நூலையே எடுத்துக்கொண்டேன். மெல்லிய நூல் என்பதால் அதே ஸ்பூலில் கூடுதல் நீளம் கொள்ளும்; ஆனால் தளர்வாகச் சுற்றினால் இழுவையின்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்து 120 மீட்டர் சுற்றியபோதே விரல் கன்றிப்போனதால், மீதி 80 மீட்டரை நாளைக்கு வைத்திருக்கிறேன். அந்தமானில் பெரும்பாறைக்காக ஒரு 12 எண் கோல் அமைக்கும் எண்ணமும் உண்டு. அதற்கான ரீலையும் இதே தராசில் கட்டி இழுத்துப் பார்த்த பிறகே வாங்குவேன்.