வெளியே தெரியாத துரு: பழைய கார் வாங்கிய அனுபவம்

நான் வாங்கிய பழைய காரில் துரு இருந்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். அதற்கு முன்னால் பளபளவென்று இருந்த இன்னொரு காரை வேண்டாம் என்று விட்டேன், அதற்கும் துருதான் காரணம். எஞ்சின் கெட்டால் இறக்கி வேறு எஞ்சின் வைக்கலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். பாடி அரித்துப் போனால் அதையெல்லாம் மாட்டி வைக்க இடமே இருக்காது. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் செலவழித்தேன்.

இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து, உள்ளே கூடாக இருக்கிற பெட்டிகளாகச் செய்கிறார்கள், வண்டியின் பலம் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு அப்படி ஒன்று. உள்ளே போகிற தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், சேறும் சருகும் போய் அதை அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடலோரத்தில் ஓடிய வண்டி, பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டி என்றால் இன்னும் வேகம், உப்புக் கரைந்த தண்ணீரில் துரு வெகு சீக்கிரம் ஏறும். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும், அதுதான் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஆகவே சக்கர வளைவின் ஓரத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தால், பல நேரம் அது உள்ளிருந்து கிளம்பி வந்ததாக இருக்கும்.

முதல் காருக்கு வருகிறேன். பெயிண்ட் புதுசு. அடியில் கறுப்பாக அண்டர்கோட்டிங், அதுவும் புதுசு. விற்றவர் அதையே பெருமையாகச் சொன்னார்: "போன மாசம்தான் சார் அடிச்சோம், இனி நீங்க கவலையே படவேண்டாம்." எனக்கு அங்கேதான் கவலை ஆரம்பித்தது. சுத்தமான தகட்டின் மேல் அடித்தால் அது நல்ல காப்பு. துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், மேலே பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரைத் தெரிந்த டிங்கர் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கம்பெனியில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். மறுபடி பெயிண்ட் அடித்த இடத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும், பள்ளத்தை நிரப்பும் பட்டி போட்டிருந்தால் 500, 1000 என்று தாவும். கூரையும் பானெட்டும் சரியாக இருந்தன. பின்சக்கர வளைவிலும் ரன்னிங் போர்டின் பின்கோடியிலும் வைத்தால் 1000-ஐத் தாண்டிப் போகிறது. மீட்டர் கிடைக்காதவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், கதவில் ஒட்டுகிற காந்தம் கனமான பட்டியின் மேல் வழுக்கி விழும். ஒன்று, அலுமினியப் பேனலில் காந்தம் எப்படியும் ஒட்டாது, அதைப் பட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.

லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார், அப்புறம் சம்மதித்தார். ஜாக்கி வைக்கும் விளிம்பு நேராக, கூராக இருக்க வேண்டும். இதில் கறுப்புக் கோட்டிங்குக்கு அடியில் கட்டி கட்டியாக மேடு தட்டியது. கட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. ஜாக்கியே தாங்காத தகடு பக்கவாட்டில் வேறு வண்டி வந்து மோதினால் உள்ளே இருப்பவரை எப்படிக் காப்பாற்றும்? அதற்கு மேல் விலை பேச எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது கார் பார்வைக்குச் சுமார்தான். வெயிலில் வெளுத்த பெயிண்ட், அங்கங்கே கீறல். ஆனால் பெயிண்ட் பெரும்பாலும் பழையதே, மறைக்க யாரும் முயற்சி செய்யவில்லை. உரிமையாளரும் என்ன வேண்டுமானாலும் திறந்து பாருங்கள் என்று விட்டுவிட்டார். தரைக் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்கு அடியில் தெரியும் பிராக்கெட்டுகள், ஒயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு, எல்லாம் பார்த்தேன். வண்டியைத் துடைப்பவர்கள் அந்த இடங்களுக்கெல்லாம் கையை விடுவதில்லை.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியில் தண்ணீர் நின்ற அடையாளமும், மூலையில் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தன. டிக்கி ரப்பர் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, தண்ணீர் அந்த வழியாக வந்திருக்கிறது. இடது பின்சக்கர வளைவில் கொப்புளம். அப்புறம் ரன்னிங் போர்டில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டோம். இந்தக் கேமராவுக்குக் கொடுத்த பணம் போல் பயனுள்ள செலவு வேறில்லை என்பேன். உள்ளே பழுப்புப் பொடியாக மேல்துரு, கோடியில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் அடுக்கடுக்காகப் பெயர்ந்த துரு. முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடம் சுத்தம், அங்கே அரித்திருந்தால் அத்தோடு கிளம்பியிருப்பேன்.

தடிமனான தனிச் சேசிஸ் உள்ள பிக்கப் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆனால் டொயோட்டாவின் டகோமா பிக்கப் உள்ளிட்ட வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்த வழக்கில், அந்த நிறுவனம் 2016-இல் அமெரிக்காவில் ஒத்துக்கொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். அந்தச் சேசிஸிலும் சில பகுதிகள் உள்ளே கூடுதான், சேறு அங்கேயும் தங்கும்.

துரு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். கதவு, மட்கார்டு, பானெட் எல்லாம் கழற்றி மாற்றக் கூடியவை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பயமில்லை. ரன்னிங் போர்டு, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடங்கள் வேறு கணக்கு. இந்தக் காரில் அந்த வகையில் சிக்கியது அந்த ஒரு சாண்தான். கேமரா படங்களைக் காட்டி டிங்கரிடம் செலவை எழுதி வாங்கி, அதை அப்படியே உரிமையாளர் முன் வைத்தேன். விலை இறங்கியது.

வேலை செய்யும்போது டிங்கரோடு ஒரு சின்ன வாக்குவாதம். ஃபைபர் ஒட்டிப் பட்டி போட்டால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரித்த தகட்டின் மேலே புதுத் தகட்டை ஒட்டுவதும் வேண்டாம் என்றேன், இரண்டுக்கும் நடுவில் துரு தொடர்ந்து வேலை செய்யும். பளிச்சென்று இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் வைத்தார். வெட்டப் போனபோது வெளியே தெரிந்ததைவிட அகலமாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது, மெலிந்த விளிம்பில் வெல்டிங் வைத்தால் தகடு எரிந்து ஓட்டை பெரிதாகும். இணைப்பில் துத்தநாகப் பிரைமர், மேலே சீலர். துருவைக் காப்பு அடுக்காக மாற்றும், பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டரை மேல்துருவுக்கு மட்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு போட்டோம். பெயர்ந்து வரும் துருவின் மேல் ஊற்றினால் மேல் அடுக்கோடு நின்றுவிடும். கிளிப் பிடித்த இடத்தில் துரு ஏறியிருந்த பிரேக் பைப்பைத் தேய்த்துப் பார்க்கும் எண்ணமே இல்லை, புதுசு மாட்டினோம். டிக்கி ரப்பரும் புதுசு.

எல்லாம் காய்ந்த பிறகு பெட்டிகளுக்குள் நீளமான குழாயை விட்டுக் கேவிட்டி வேக்ஸ், அதாவது துருவைத் தடுக்கும் மெழுகு, அடித்தோம். இதைத் தவிர்த்திருந்தால் செய்த வேலை வீண். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பெயிண்ட் கருகிப் போயிருக்கும், அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வேக்ஸ் அடித்ததும் வடிகால் துளைகளில் கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் கேமராவை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தேன். வெல்டிங் வைத்த பக்கம் அப்படியே இருக்கிறது. வலது ரன்னிங் போர்டின் நடுவில் ஒரு மடிப்புக்குள் மட்டும் வேக்ஸ் போய்ச் சேரவில்லை, லேசாகப் பழுப்புத் தெரிகிறது. வண்டி நன்றாகக் காய்ந்ததும் அந்தப் பக்கம் மறுபடி அடிக்கப் போகிறேன், இந்த முறை பின்கோடித் துளை வழியாக.